பாய்மரத்துக்கு எந்தப் பக்கம்?

பல் செட் செய்கிறவருக்குப் படகு எதற்கு என்று கேட்காதவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பல்லுக்காரர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "சும்மாதான்." சும்மாவாம்! பதினோரு மாதம் சாப்பாட்டு மேஜையைப் படகுக்குத் தாரை வார்த்துவிட்டுக் குடும்பமே தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டதே, அது சும்மாவா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

உண்மை இதுதான். அந்தப் படகு மாமனாருக்காக.

மாமனார் முப்பத்தோரு வருஷம் ஒரே ஒரு பாய்மரப் படகை ஓட்டியவர். உப்பு, ஓடு, செங்கல் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே போய் வருகிற படகு. அவருக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்த்தார்கள். லாரி வந்தது, படகு போயிற்று. மாமனார் மட்டும் இன்றைக்கும் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரம். பெற்றதோ ஒரே பெண். அந்தப் பெண் வீட்டுக்கு அவர் வருவது வருஷத்துக்கு ஒரே நாள், அவள் பிறந்தநாளன்று. பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார், இரண்டரை மணி பஸ்ஸில் ஏறிவிடுவார்.

இடைப்பட்ட மூன்றரை மணி நேரத்தில் என்ன செய்வார் என்றால், குறை கண்டுபிடிப்பார். கதவு முனகுகிறது. குழாய் சொட்டுகிறது. அலமாரி அரை விரல் சாய்ந்திருக்கிறது. ஒரு வருஷம் எதுவும் கிடைக்காமல், சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் பார்த்து, "ஏன் எல்லாரும் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மருமகனைப் பற்றி அவர் கல்யாணத்தன்றே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார். கையைக் குலுக்கிவிட்டு, "கை மெத்துமெத்துனு இருக்கே" என்றார். பத்தொன்பது வருஷமாயிற்று, அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இதெல்லாம் பல்லுக்காரருக்குப் பழகிவிட்டது. மாமனார் குறை சொன்னால் மருமகன் குறைந்தா போய்விடுவான்? பழகாதது ஒன்றுதான். ஒவ்வொரு வருஷமும் அந்த இரண்டரை மணி பஸ் போன பிறகு அவர் மனைவி பாத்திரம் கழுவப் போவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். போன வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"இந்த வீட்டுக்கு எங்கப்பா விருந்தாளியாத்தான் வர்றாருங்க. ஒரு தடவைகூட அப்பாவா வரல."

அந்த வாக்கியம் பல்லுக்காரர் நெஞ்சில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மறுவாரமே துறைமுகத்துக்குப் போனார். மாமனாருக்குத் தெரியாமல் அங்கே பழைய ஆட்களை விசாரித்தார். ஐஸ் கட்டி விற்ற ஒருவர் அந்தக் காலத்தில் கேமரா வாங்கிக் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துத் தள்ளினவராம். அவரிடம் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. அதே படகு. பாய்மரத்தடியில், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி, தலையில் துண்டோடு முப்பது வயது மாமனார். அப்போதும் முகத்தில் சிரிப்பு கிடையாது.

படத்தைப் பார்த்து அந்தப் படகை அப்படியே சின்னதாகச் செய்துவிடுவது. முழங்கை நீளம். ஒரு பலகை, ஒரு ஆணி பிசகக் கூடாது. அதைப் பார்த்து மனிதர் ஒரு தடவையாவது, "ஆமாம், இது என் படகுதான்" என்று சொல்லிவிட்டால் போதும். தன் பொருள் ஒன்று இந்த வீட்டிலும் இருக்கிறது என்றால் மனசு கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பாதா? இதுதான் பல்லுக்காரர் போட்ட கணக்கு.

படகு செய்யத் தெரியுமா என்றால், தெரியாது. ஆனால் பல் செய்யத் தெரியும். ஒரு வாயில் முப்பத்திரண்டு பல்லையும் மேலும் கீழும் இடிக்காமல் உட்கார வைக்கிற கைக்கு முழங்கை நீளப் படகு என்ன பெரிய மலையா? அடிமரம், விலா எலும்புகள், அதன் மேல் பக்கத்துக்குப் பதினோரு பலகை என்று எட்டு மாதத்தில் உடம்பு எழுந்துவிட்டது. கஷ்டமெல்லாம் அதற்கப்புறம்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசி, காயவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, ஆறு கை ஆயிற்று. பற்களுக்குப் பளபளப்பு ஏற்றும் குட்டி பிரஷ்ஷாலேயே அதற்கும் ஏற்றினார். பல் குடைகிற ஊசியால் கடுகளவு மரத்துண்டில் துளை போட்டுக் கப்பிகள் செய்தார். கயிற்றுக்கு மனைவியின் தையல் நூல். மூன்று நூலை முறுக்கி ஒன்று, ஆறு நூலை முறுக்கி ஒன்று என்று கனம் பார்த்துத் திரித்து, தேன்மெழுகு தடவி, பிசிறு படியவைத்தார்கள். பாய் முழுக்க மனைவியின் வேலை. அவள் தெருவுக்கே தையல்காரி. பழைய பருத்தித் துணியைத் தேநீரில் ஊறவைத்து, மங்கின நிறம் வந்ததும் பட்டை பட்டையாக வெட்டித் தைத்தாள்.

"கண்ணு தெரியாம தைக்கிறேன், இதுல ஒரு தையல் விட்டுப்போச்சுன்னா அதையும் எங்கப்பா கண்டுபிடிச்சுருவாரு" என்பாள். குரலில் சலிப்பு இருக்கும், கையில் இருக்காது.

கல்லூரிக்குப் போகிற மகள் ஒருத்தி உண்டு. வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. அவள் பங்குக்கு ஒரு வேலையும் செய்யவில்லை, விமரிசனம் மட்டும் செய்தாள். "அப்பா, இந்தப் படகு கடல்ல போகுமா?" "போகாது." "அப்ப எதுக்கு இவ்வளவு கயிறு?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

படகில் ஒரு விஷயம் மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள், அது போதும். பாய் தொங்கும் நீளக் கழி மரத்துக்கு நடுவில் வராது, ஒரு பக்கமாகத்தான் வரும். படத்தில் அது வலது பக்கம் இருந்தது. பாயை ஏற்றும் கயிறு அதற்கு எதிர்ப்பக்கம், இடது பக்கத்தில் இறங்கும். ஆள் நின்று இழுக்க அங்கே இடம் காலியாக இருக்கும். தண்ணீர்ப் பீப்பாய், அடுப்புப் பெட்டி எல்லாம் வலது பக்கம். ஆகப் பாய் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டால் படகில் மற்ற எல்லாமே முடிவாகிவிடும். பல்லுக்காரர் படத்தில் கண்டபடியே கட்டினார். கடைசிக் கயிற்றைக் கட்டி, முடிச்சின் வாலை நறுக்கி, பெருமூச்சு விட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மாமனார் வருவது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் கையில் இருக்கிறது என்று மனிதர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார் பாருங்கள், அப்போதுதான் பிடித்தது சனி.

மனைவி பூதக்கண்ணாடியும் படமுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாயில் எத்தனை பட்டை என்று கடைசியாக ஒரு முறை எண்ணிப் பார்க்கிறாளாம். எண்ணிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"என்னங்க."

"ம்."

"அப்பாவோட பாக்கெட்டு வலது பக்கம் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"இருந்துட்டுப் போகட்டுமா? ஆம்பளைச் சட்டைக்குப் பாக்கெட் எந்தப் பக்கம்?"

பல்லுக்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். இடது பக்கம். எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக இழுத்துப் பார்த்தார். அத்தனையும் இடது பக்கம். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தபால்காரர் போனார், இடது. எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், அவருக்கும் இடது. நாற்பத்தெட்டு வயதுவரை இந்த உலகத்தில் எல்லாப் பாக்கெட்டும் ஒரே பக்கம் இருக்கிறது என்பதைக் கவனிக்காமலே வாழ்ந்திருக்கிறோமே என்று அவருக்கு வேர்த்துவிட்டது.

"இருபது வருஷமா தைக்கிறேன்" என்றாள் மனைவி. "ஒரு ஆம்பளைகூட வலது பக்கம் பாக்கெட் வைன்னு கேட்டதில்ல. படம் திரும்பியிருக்குங்க. கழுவும்போது பிலிமைத் திருப்பிப் போட்டுட்டாங்க. இடம் வலமாயிருச்சு, வலம் இடமாயிருச்சு."

"பட்டன் பட்டியைப் பாரு. அது எந்தப் பக்கம்?"

"கயிறு மறைக்குது."

"வாட்ச்?"

"எங்கப்பா என்னைக்கு வாட்ச் கட்டினாரு?"

"படகு பேரு எழுதியிருக்குமே?"

"அது படத்துக்கு வெளியில போயிருச்சு."

பல்லுக்காரர் கண்ணாடியைப் பிடுங்கி மாமனாரின் வாயை உற்றுப் பார்த்தார். மாமனாருக்குச் சின்ன வயதிலேயே ஒரு கடைவாய்ப் பல் போயிருந்தது. எந்தப் பக்கம் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் என்ன பிரயோஜனம்? வாய் இறுக மூடியிருந்தது. "மனுஷன் ஒரே ஒரு தடவை சிரிச்சிருந்தா பல்லைப் பாத்துச் சொல்லியிருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஐஸ்கட்டிக்காரருக்குப் போன் போட்டார்கள். அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மாமனாரிடமே கேட்டுவிடலாம் என்றால், கேட்டால் பதிலா வரும்? "எதுக்குக் கேக்கறே?" என்றுதான் வரும். பதினோரு மாத ரகசியம் ஒரு நொடியில் போய்விடும்.

"விடுங்கப்பா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் வாயாடி.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"சரி, தாத்தாவுக்குத் தெரியும்" என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

பல்லுக்காரருக்கு உள்ளூர ஒரு தயக்கம் இருந்தது. ஒரு பாக்கெட்டை நம்பி ஒரு படகையே திருப்புவதா? ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பல் விஷயத்தில் அவர் சொல்வதுதான் முடிவு, துணி விஷயத்தில் அவள் சொல்வதுதான். அவள் ஒரு துணியைத் தூரத்தில் பார்த்தே எத்தனை தண்ணி கண்டது என்று சொல்லிவிடுகிறவள். தவிர, கடைசி நேரத்தில் தப்பைக் கண்டுபிடித்தோமே என்று அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்திடம் போய் "எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று எந்தப் புருஷன் சொல்வான்?

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? உடம்பு பிழைத்தது, அது இரண்டு பக்கமும் ஒன்றுதான். மரமும் அதைத் தாங்கும் பக்கக் கயிறுகளும் பிழைத்தன. மற்றதெல்லாம் கழன்றாக வேண்டும். மூன்று மாதமாகக் கட்டின முடிச்சுகளைப் பல்லுக்காரர் ஒவ்வொன்றாக நறுக்கினார். நறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார் என்று வாயாடி இன்றைக்கும் சொல்வாள். மெழுகு வெட்டும் கத்தியைச் சூடாக்கிப் பீப்பாயின் அடியில் விட்டார், பசை இளகி வந்தது. அடுப்புப் பெட்டி வரமாட்டேன் என்று அடம்பிடித்து, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஆட்டி ஆட்டித்தான் வந்தது. வந்த இடத்தில் தழும்பு. தழும்பைத் தேய்த்து, வார்னிஷ் பூசி, அது காய்வதற்காக வாயாடியின் தலைமுடி காயவைக்கும் மிஷினைப் பிடித்தார்கள்.

வேலைக்கு லீவு சொல்லியாயிற்று. ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், திங்கட்கிழமைதான் பல் வரும் என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் வாயே திறக்காமல் வீட்டுக்குள் கிடந்தாராம். அவர் வீட்டில் அந்த இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார்கள் என்றும் கேள்வி.

மூன்று மாத வேலையை இரண்டு நாளில் முடித்தார்கள். முடியுமா என்று கேட்காதீர்கள். முதல் தடவை கை தேடிக்கொண்டே போகும், இரண்டாம் தடவை கைக்கு வழி தெரியும். மனைவி நூலில் மெழுகு ஏற்றி ஏற்றிக் கொடுத்தாள், அவர் சாமணத்தால் வாங்கி வாங்கிக் கட்டினார். பாய் இப்போது இடது பக்கம். கயிறு வலது பக்கம். பீப்பாயும் பெட்டியும் இடது பக்கம். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைசி வார்னிஷ். பதினோரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம்.

மாமனார் உள்ளே வந்தார். கையில் பெண்ணுக்கு ஒரு பொட்டலம் பழம். கதவை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார், போன வருஷத்துக்கு இந்த வருஷம் முனகல் குறைந்திருக்கிறதா என்று. குறைந்திருந்தது. ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும், குழாய்ப் பக்கம் போனார்.

"அப்பா, குழாயெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல இங்க வாங்க" என்று பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேஜை முன்னால் நிறுத்தினாள். துணியை விலக்கினாள்.



மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பல்லுக்காரர், பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிற வாத்தியார் எதிரிலேயே நிற்கிற மாதிரி நின்றார். வாயாடிகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பக்கத்துக்கு எத்தனை பலகை?" என்று கேட்டார் மாமனார்.

"பதினொண்ணு மாமா."

"சரி." குனிந்து சுக்கானைப் பார்த்தார். "சுக்கான் சரி." பின்பக்கத்து வளைவை விரலால் தொடாமல், காற்றிலேயே தடவினார். "இந்த வளைவு யாருக்கும் வராது. வந்திருக்கு."

பத்தொன்பது வருஷத்தில் முதல் நல்ல வார்த்தை! பல்லுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் கண் மரத்துக்கு ஏறியது. பாய்க்குப் போனது. கயிற்றில் இறங்கியது. அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"இது யாரு படகு?" என்றார்.

"உங்களுதுதான் மாமா."

"என்னுது இல்ல."

கிழவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பல்லுக்காரர் தாங்கியிருப்பார். மனிதர் தொலைந்துபோன மாதிரி சொன்னார்.

"எல்லாம் என்னுது மாதிரியேதான் இருக்கு. ஆனா நான் முப்பத்தோரு வருஷம் நின்ன இடத்துல பீப்பாய் நிக்குது. பெட்டி நிக்குது. இதுல நான் எங்க நிக்கிறது? எனக்கு நிக்க இடமே இல்லையே."

பதினோரு மாதம் ஒரே நொடியில் மண்ணாயிற்று. படத்தில் இருந்த மாதிரியே கட்டினேன் மாமா, பிறகுதான் மாற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்த பல்லுக்காரர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். ஆனால் அவளே முன்னால் வந்துவிட்டாள்.

"அவரைச் சொல்லாதீங்கப்பா. அவர் சரியாத்தான் கட்டினாரு. நான்தான் மாத்தச் சொன்னேன். படம் திரும்பியிருக்குன்னு நினைச்சுட்டேன்."

"என்ன படம்?"

படத்தை எடுத்து வந்து நீட்டினாள். மாமனார் இதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்ததேயில்லை. ஐஸ்கட்டிக்காரர் எடுத்தார், கொடுக்கவில்லை. கிழவர் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் காட்டினார்.

"படம் திரும்பல" என்றார்.

"பாக்கெட் வலது பக்கம் இருக்கேப்பா! எந்த ஊர்ல ஆம்பளைச் சட்டைக்கு வலது பக்கம் பாக்கெட் வைப்பாங்க?"

"உங்கம்மா வெப்பா."



மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "படகோட பின்பக்கம் பாத்து நின்னு இழுக்கணும்" என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினார். "கயிறு இங்க விழுந்து, மாரை உரசிக்கிட்டுப் போகும். பாக்கெட் இருக்குமா? மூணு சட்டை கிழிஞ்சுது. பாக்கெட்ல வெச்ச தீப்பெட்டி, சீட்டு எல்லாம் கடலுக்குத்தான். உங்கம்மா மூணு தடவை ஒட்டுப்போட்டா. நாலாவது சட்டைக்குப் பாக்கெட்டையே பிரிச்செடுத்து அந்தப் பக்கம் வெச்சுட்டா. ஆறு பேரும் சிரிச்சானுங்க. அப்புறம் ஆறு பேருக்கும் அவதான் மாத்திக் குடுத்தா."

"அம்மா தைப்பாங்களா?"

"தைப்பாளாவா? கையால தைப்பா. மிஷினுக்கு ஏது வழி."

"எனக்குத் தெரியாதேப்பா."

"உனக்கு அப்ப நாலு வயசு. அவ போனப்ப."

"சொல்லவே இல்லையே நீங்க."

"நீ கேக்கல."

"நீங்க சொன்னாத்தானே நான் கேக்கறதுக்கு?" என்றாள். பிறந்தநாளும் அதுவுமாகக் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. ஊற்றிக்கொண்டே கேள்வி கேட்டாள், எப்பேர்ப்பட்ட கேள்வி! "மூலையை எப்படி முடிச்சாங்க? நேரா விட்டாங்களா, முக்கோணமா போட்டாங்களா?"

வேறு எந்த அப்பனிடம் கேட்டாலும் விழித்திருப்பான். கிழவர் விழிக்கவில்லை. "முக்கோணமா. ரெண்டு மூலையிலயும். அடில மட்டும் ரெட்டைத் தையல். ஊசியை உள்ளேர்ந்து குத்தி வெளிய எடுப்பா, முடிச்சு உள்ள நிக்கும், மார்ல உறுத்தக் கூடாதுன்னு மேல ஒரு சின்னத் துணி வெப்பா." நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பாக்கெட்டின் தையலை ஒன்று விடாமல் ஒப்பித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம், ம்" என்று தலையாட்டினாள், அளவு எடுத்துக்கொள்கிறவள் மாதிரி. பல்லுக்காரர் வாயாடியைத் தோளைப் பிடித்து மெல்ல அடுக்களைப் பக்கம் நகர்த்தினார். அவளும் மறு பேச்சுப் பேசாமல் போனாள்.

சாப்பாடு அன்றைக்கு ஒரு மணி நேரம் பிந்தியது. படகு மேஜையில் இருந்ததால் எல்லாரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள். மாமனாரும்தான். அதற்குக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள், சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அந்த ஆறு பேரில் யார் முதலில் சிரித்தான், யார் முதலில் சட்டையை நீட்டினான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குத் தான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதே தெரியவில்லை.

இரண்டே கால் ஆயிற்று. பழக்கம் விடுமா? மாமனார் எழுந்து கையைத் துடைத்தார். படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், யாரையும் கேட்கவில்லை. பிறகு மேஜைப் பக்கம் போனார். பீப்பாய் முதலில் இருந்த இடத்துக்கு அருகே பலகையை ஒரு விரலால் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். வார்னிஷ் ஒட்டியிருந்தது.

பல்லுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். போச்சு, இதற்கும் ஒன்று வரப்போகிறது என்று நினைத்தார்.

"இதை மறுபடி இந்தப் பக்கம் மாத்தணும்னா எத்தனை நாள் பிடிக்கும்?" என்று கேட்டார் மாமனார்.

அடுக்களை வாசலிலிருந்து வாயாடி, "ரெண்டு..." என்று ஆரம்பித்தாள். பல்லுக்காரருக்கு அந்தச் சின்னக் கணத்தில் எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று தெரியவில்லை. பதினோரு மாதமாக "சும்மாதான்" என்ற ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர். மகளுடைய பேச்சை மறித்துக்கொண்டு, மாமனாரின் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"மூணு மாசம் ஆகும் மாமா. எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம். அதுவும் நீங்க வந்து பக்கத்துல உக்காந்து, எந்தக் கயிறு எங்கன்னு சொன்னாத்தான். இல்லேன்னா மறுபடி தப்பாயிடும்."

மனைவி அவரைப் பார்த்தாள். வாயாடி அவரைப் பார்த்தாள்.

மாமனார் விரலிலிருந்த வார்னிஷைக் கட்டை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். இன்றைக்குப் பூசின வார்னிஷ் எது, போன மாதம் பூசினது எது என்று தெரியாமலா முப்பத்தோரு வருஷம் மரத்தின் மேல் வாழ்ந்தார்? முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் புது முடிச்சு. மருமகனைப் பார்த்தார். பிறகு, சுவரோரம் நின்றுகொண்டு அழுகையும் சிரிப்புமாகத் தன்னையே பார்த்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

"மூணு மாசத்துல எப்படி முடியும்?" என்றார். "நாலு ஆகும்."